பிஎம்ஐ 22.7, வயிறு 94 செ.மீ.: 46 வயதில் இதயத்துக்கு ஆபத்தா?

மேலமாசி:
என் அண்ணனுக்கு வயது 46. உயரம் 168 செ.மீ., எடை 64 கிலோ; பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடையின் கணக்கு, 22.7. கை கால் ஒல்லி, தொப்பை மட்டும் முன்னால் நிற்கிறது. வயிற்றுச் சுற்றளவு 94 செ.மீ. சிகரெட் பழக்கம் இல்லை. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 196, எல்டிஎல் 118, ஹெச்டிஎல் 36, ட்ரைகிளிசரைடு 210, சர்க்கரை 106. பிரஷர் 126/80. எடை சரி, கொலஸ்ட்ராலும் 200-க்குள் என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். தொப்பையை மட்டும் வைத்துக் கவலைப்பட வேண்டுமா? பட வேண்டுமென்றால் முதலில் எதைச் செய்வது?

நாடித்துடிப்பு:
கவலைப்பட வேண்டியதுதான். நீங்கள் கொடுத்த எண்களில் மொத்தக் கொலஸ்ட்ராலுக்குத்தான் மதிப்பு குறைவு. அதில் நல்லதும் (ஹெச்டிஎல்) கெட்டதும் (எல்டிஎல் முதலானவை) கலந்திருக்கும். 196-லிருந்து ஹெச்டிஎல் 36-ஐக் கழியுங்கள்: 160 வரும். ரத்தக்குழாய்ச் சுவரில் படியக்கூடியது அத்தனையும் இந்த எண்ணுக்குள் அடக்கம். பொதுவாக அது 130-க்குள் இருக்க வேண்டும். எல்டிஎல் 118 என்பதையும் அப்படியே நம்பக் கூடாது. ட்ரைகிளிசரைடு ஏறி ஹெச்டிஎல் இறங்கிய உடம்பில் எல்டிஎல் துகள்கள் சிறுத்து, எண்ணிக்கையில் கூடுதலாக இருக்கும். அபோ-பி பரிசோதனை (இந்தத் துகள் ஒவ்வொன்றிலும் ஒன்றாக இருக்கும் புரதத்தை அளப்பது) எடுத்தால் உண்மையான எண்ணிக்கை தெரிந்துவிடும்.

வளர்சிதை மாற்றக் கோளாறு என்பதற்கு ஐந்து அளவுகோல்கள் உண்டு. இந்திய ஆண்களுக்கு வயிறு 90 செ.மீ. அல்லது மேல், ட்ரைகிளிசரைடு 150 அல்லது மேல், ஹெச்டிஎல் 40-க்குக் கீழ், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது மேல், பிரஷர் 130/85 அல்லது மேல். மூன்று இருந்தாலே கணக்கில் சேர்ந்துவிடும். அண்ணனுக்கு நான்கு இருக்கின்றன. எடை மெஷின் இதில் ஒன்றைக்கூடக் காட்டாது.

ஏன் தொப்பை? தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பு பெரும்பாலும் சேர்ந்த இடத்திலேயே கிடக்கும். அந்தக் கிடங்கு சிறியதாக உள்ளவர்களுக்கு மிச்சமெல்லாம் குடலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளும் போய்ச் சேரும். குடலைச் சுற்றிய கொழுப்பு கரையும்போது வரும் கொழுப்பமிலம் போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக நேரே ஈரலுக்குள் இறங்குகிறது. ஈரல் அதை ட்ரைகிளிசரைடாக்கி ரத்தத்தில் விடுகிறது. இன்சுலினின் பேச்சையும் சரியாகக் கேட்பதில்லை. 210, 36, 106 மூன்றும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவையாகத்தான் தெரிகின்றன.

ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 1913-இல் பிறந்த 792 ஆண்களை 54 வயதிலிருந்து 13 ஆண்டுகள் கவனித்து, 1984-இல் முடிவு வெளியிட்டார்கள். பிஎம்ஐக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. வயிற்றுச் சுற்றளவைப் பிட்டத்தின் சுற்றளவால் வகுத்த விகிதத்துக்குத் தெரிந்தது. பிரஷர், கொலஸ்ட்ரால், சிகரெட் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு வலுவிழந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பின்பாதிதான். தொப்பை பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான் கெடுக்கிறது. அதனால் வயிறு குறையட்டும் என்று காத்திருக்காமல், இவற்றையும் கூடவே சரிசெய்ய வேண்டும்.

அளவுநாடா:
94 என்பதை எப்படி எடுத்தீர்கள்? பேன்ட் சைஸைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அது செல்லாது. தொப்பை உள்ளவர்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே போடுவார்கள். 34 சைஸ் போடுபவரின் வயிறு 38 அங்குலம் இருக்கலாம்.

சரியான முறை: காலையில், சாப்பிடும் முன், சட்டையைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பார்த்து ஒரு புள்ளி, இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் ஒரு புள்ளி. இரண்டுக்கும் நடுவில் டேப் தரைக்குச் சமமாகச் சுற்றி வர வேண்டும். முதுகுப் பக்கம் டேப் இறங்கிவிடுவதுதான் வழக்கமான தவறு, கண்ணாடியில் பாருங்கள். இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும்போது அளவைப் படிக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது, டேப் தோலை அழுத்தவும் கூடாது. இருமுறை எடுத்து ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி எடுங்கள்.

உயரத்தில் பாதிக்குள் வயிறு இருக்க வேண்டும் என்பது நினைவில் வைக்க எளிது. 168-இல் பாதி 84. முதல் படி 90-க்குக் கீழே வருவது.

மேலமாசி:
விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் இன்று மறுபடி எடுத்தேன், 95. வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்தால் போதுமா? வியர்க்க வைக்கும் பெல்ட் வாங்கலாமா என்று அண்ணன் கேட்கிறார்.

உணவுத்தட்டு:
பெல்ட் வேண்டாம். அதில் போவது தண்ணீர்; இரண்டு டம்ளர் குடித்தால் திரும்ப வந்துவிடும். வயிற்றுப் பயிற்சி தசையைப் பலப்படுத்தும், அதற்கு மேலிருக்கும் கொழுப்பைத் தேடிப் பிடித்துக் கரைக்காது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், பருமனான 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலடிக் கொழுப்பைச் சுமார் 10 கிலோ உறிஞ்சி எடுத்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் விதமோ பிரஷரோ ட்ரைகிளிசரைடோ மாறவில்லை. குறைய வேண்டியது உள்ளே இருப்பது.

உள்ளே இருப்பது முதலில் கரையும் என்பது நல்ல செய்தி. அண்ணனுக்கு மூன்று நான்கு கிலோ போதும், அதற்கு மேல் இறக்கினால் இருக்கும் கொஞ்சத் தசையும் போய்விடும். வாரம் 150 நிமிடம் வேக நடை: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதோடு வாரம் இருமுறை தசைப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 12 தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 12 தடவை, மூன்று சுற்று. ஒல்லிக் கால்காரர்கள் நடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அங்கேதான் தவறுகிறது. சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான்.

சாப்பாட்டில் எண்ணெயைத்தான் எல்லோரும் குறைக்கிறார்கள். ட்ரைகிளிசரைடுக்கு அரிசி, மைதா, சர்க்கரை, மது நான்கும் முக்கியம். ஒரு நாளுக்கு நான்கு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் சர்க்கரை. அதை முதலில் நிறுத்தலாம். இரவு இட்லி, தோசையை இரண்டோடு நிறுத்தி, மீதி வயிற்றைச் சாம்பார்ப் பருப்பாலும் காயாலும் நிரப்ப வேண்டும். புரதம் 64 கிலோவுக்குத் தினம் 60 கிராம் அளவு. ஒரு முட்டை 6 கிராம், 100 கிராம் மீன் சுமார் 20, வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8 அல்லது 9. சோற்றுக்குப் பதில் பழச்சாறு என்று மாற வேண்டாம், அது சர்க்கரைத் தண்ணீர்.

நாடித்துடிப்பு:
மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கும்போது 12 மணி நேரம் வெறும் வயிறு, முந்தைய மூன்று நாள் மது கூடாது. இல்லையென்றால் ட்ரைகிளிசரைடு பொய் சொல்லும். ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), ஈரல் அல்ட்ராசவுண்ட், தைராய்டு இம்மூன்றையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கோ கூடப்பிறந்த சகோதரருக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் டாக்டரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள், ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை) தருவதா வேண்டாமா என்ற முடிவு அதைப் பொறுத்தும் மாறும். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது, மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி.

ஈசிஜி எடுத்து அது சரியாக இருந்தாலும், இதயம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதை ஆதாரமாக எடுக்காதீர்கள். ஓய்வில் எடுக்கும் ஈசிஜி, பாதி அடைபட்ட இதய ரத்தக்குழாயையும் பெரும்பாலும் காட்டாது. நடக்கும்போது நெஞ்சில் பாரம், தாடையிலோ இடது கையிலோ இழுப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சு வாங்கல் இருந்தால் மூன்று மாதக் கணக்கெல்லாம் கிடையாது, அந்த வாரமே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓய்விலிருக்கும்போது வந்து பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் உடனே 108.