காலமலைவு: விக்டோரியா காலத் துப்பறியும் தொடர்களை ஒப்பிட ஒரு சொல்

> கதை நடக்கும் காலத்தில் இல்லாத பொருளோ வழக்கமோ உள்ளே நுழைந்தால், அதைச் சுட்ட 'காலவழு' போதாதா?

வணக்கம்.

போதாது என்றே நினைக்கிறேன். 'நேற்று வருவான்' என்பது காலவழு. இலக்கணத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் மலைவுகளில் (முரண்பாடுகளில்) இடமலைவு, காலமலைவு, கலைமலைவு என்று வருகின்றன. அங்கே காலமலைவு என்பது பொழுதும் பருவமும் பொருந்தாமல் பாடுவது. அதை ஆண்டுக்கணக்குக்கும் நீட்டிக்கொள்ளலாம்.

தொடர்களை ஒப்பிடும்போது ஒவ்வொரு உத்திக்கும் மூன்று தேதிகளைப் பாருங்கள்: எண்ணம் அச்சில் வந்தது எப்போது, காவல்துறை ஏற்றது எப்போது, நீதிமன்றம் ஏற்றது எப்போது. கைரேகையை எடுத்துக்கொள்வோம். ஹென்றி ஃபால்ட்ஸின் கடிதம் 'நேச்சர்' இதழில் வந்தது 1880இல். கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு அமைந்தது 1897இல். லண்டன் காவல்துறையின் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டு தன் பிரிவைத் தொடங்கியது 1901 ஜூலையில். அரசி விக்டோரியா அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார். இங்கிலாந்தில் கைரேகையை வைத்து முதல் தண்டனை 1902இல், ஒரு கன்னக்கோல் திருட்டு வழக்கில். ஆகவே 1885 லண்டனில் ஒரு துப்பறிவாளர் கண்ணாடியில் பதிந்த விரல் தடத்தை உற்றுப் பார்த்தால் குற்றமில்லை, அவர் 'நேச்சர்' படித்திருக்கலாம். அதையே சான்றாக வைத்து நீதிபதி தூக்குத் தண்டனை கொடுத்தால் காலமலைவு.

சட்டத்தில் வரும் மலைவு கண்ணுக்குச் சட்டென்று படாது. அதனால்தான் அதிகம் நழுவுகிறது. ஆன் பெரியின் வில்லியம் மாங்க் நாவல் வரிசையில் கதை 1856இல் தொடங்குகிறது. தாமஸ் பிட் வரிசை 1881இல். இரண்டு காலத்துக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் சத்தியம் செய்து சாட்சி சொல்ல முடியாது. அந்த உரிமை 1898 சட்டத்தில்தான் வந்தது. கூண்டில் நிற்பவரை அரசு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் மடக்கும் காட்சியை இந்தக் காலத்துக் கதையில் எங்கே கண்டாலும் நிறுத்திச் சரிபாருங்கள்.

பீட்டர் லவ்சியின் சார்ஜன்ட் கிரிப் வரிசையை (1970 முதல் எட்டு நாவல்கள்) இந்த அளவுகோலில் முதலிடத்தில் வைப்பேன். முதல் நாவல் 1879இல், இஸ்லிங்டன் வேளாண் மண்டபத்தில் ஆறு நாள் நடைப்போட்டியில் நிகழ்கிறது. அத்தகைய போட்டிகள் அதே மண்டபத்தில் உண்மையிலேயே நடந்தன. கிரிப் வேலை பார்க்கும் குற்றப் புலனாய்வுத் துறைக்கு அப்போது ஒரு வயதுதான். கதையில் வரும் ஸ்டிரிக்னின் அந்நாளில் மிகச் சிறு அளவில் ஊக்கமருந்தாகப் புழங்கியது. அளவு கூடினால் வரும் வலிப்பு, ரணஜன்னி போலவே தெரியும். துப்பு முழுவதும் அந்தக் காலத்திலேயே கிடைக்கிறது, வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை.

> 1882இல் பெண் துப்பறிவாளர் என்பதும் காலமலைவுதானே?

அவசரப்பட வேண்டாம். பெண் துப்பறிவாளரை நாயகியாக்கிய கதைகள் 1864லேயே லண்டனில் அச்சாகிவிட்டன. தனியார் விசாரணையாளராக ஒரு பெண் வந்தால் அரிது, அவ்வளவே. கைது அதிகாரத்தோடு காவல்துறையில் பெண் வந்தால்தான் மலைவு. இங்கிலாந்தில் அதற்கு 1915 ஆக வேண்டும்.

ஷெர்லாக் ஹோம்ஸை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்பேன். 1887இல் வெளியான முதல் கதை, எழுதியவரின் சொந்தக் காலத்துக் கதை. அதில் ஹோம்ஸ் கண்டுபிடித்ததாகச் சொல்லும் இரத்தச் சோதனை கற்பனை. பொருத்திச் சொன்னால் கலைமலைவு, அதாவது கலை நூல்களின் அறிவோடு முரண்படுவது.

---

மேலே உள்ள கடிதத்துக்கு என் பதில்: 'காலமலைவு' என்ற சொல்லை ஏற்கிறேன். ஒரு தயக்கம், ஒரு சேர்க்கை.

தயக்கம்: 'மலைவு' என்றதும் மாணவர்களுக்கு 'மலைப்பு' நினைவுக்கு வரும். அகராதிப் பதிவில் 'மலைதல் – மாறுபடுதல்' என்ற பொருளை முதலிலேயே கொடுத்துவிடுவோம். வினையாக எழுத 'காலம் மலைகிறது' போதும்.

சேர்க்கை: 1895 டொராண்டோவில் தொடங்கும் 'மர்டாக் மிஸ்டரீஸ்' தொலைக்காட்சித் தொடர், பின்னால் வரப்போகும் கருவிகளைத் தெரிந்தே முன்கூட்டிக் கொண்டுவருகிறது. பார்ப்பவரும் அதை அறிந்தே ரசிக்கிறார். அதைப் பிழைக் கணக்கில் எழுதுவது முறையல்ல. இலக்கணத்தில் வழுவை ஏற்றுக்கொள்ளும் வழுவமைதி போல இதற்கு 'மலைவமைதி' என்று தனிப் பதிவு வேண்டும். அப்படிப் பிரித்தால்தான் கிரிப்பையும் மர்டாக்கையும் ஒரே தராசில் போட்டு ஒன்றைத் தாழ்த்தாமல் இருக்க முடியும்.