மனசுல கிடக்கத எழுதினா சாப்பாட்டு நோய் மாறுமா?

மட்டிப்பழம் (மார்த்தாண்டம்):
எனக்க மைனிக்க மக திருவனந்தபுரத்துல ஹாஸ்டல்ல நின்னு படிக்கா. சாப்பிடாம சாப்பிடாம எலும்பும் தோலுமா ஆயிட்டா, டாக்டர் அனோரெக்ஸியான்னு சொல்லி இப்ப ட்ரீட்மென்ட் ஓடுது. கவுன்சிலர் டெய்லி கொஞ்ச நேரம் மனசுல கிடக்கத நோட்டுல எழுதச் சொன்னாவளாம். மைனி "எழுதினா வயிறு நிறையுமா, இதுக்கா ஃபீஸ் வாங்குதாவ"ன்னு ஒரே சத்தம். எனக்கு நல்ல விஷயமாத்தான் படுது. 1986லயே அமெரிக்காவுல பென்னிபேக்கர்னு ஒரு சைக்காலஜிக்காரரு காலேஜ் பிள்ளைகள நாலு நாள், நாளுக்கு 15 நிமிஷம், உள்ள கிடந்து அரிக்கிற வேதனைய எழுத வச்சாரு, அதுல நடந்ததையும் மனசு பட்ட பாட்டையும் சேத்து எழுதினவங்க அடுத்து வந்த மாசங்கள்ல டாக்டர்கிட்ட போறதே கொறஞ்சு போச்சு. நீங்க என்ன சொல்லுதிய?

நைட்_டூட்டி:
அண்ணாச்சி நான் நர்ஸ், மைனி பக்கம்தான் நிப்பேன். அவரு எழுத வச்சது சாதாரண காலேஜ் பிள்ளைகள, பட்டினி கிடந்த பிள்ளைகள இல்ல. அமெரிக்காவுல மின்னசோட்டாவுல 1944-45ல நல்ல ஆரோக்கியமான 36 ஆம்பளைங்களுக்கு ஆறு மாசம் பாதிச் சாப்பாடு போட்டுப் பாத்தாங்க, கொஞ்ச நாள்ல அவங்களுக்கு சாப்பாடு தவிர வேற நினைப்பே இல்ல, சமையல் புக்க சேத்து வச்சு வாசிக்கான், எரிச்சல், அழுகை, ஒண்ணுலயும் கவனம் நிக்கல. பட்டினியே மனச இப்படிக் கெடுக்கும். முதல்ல சோறு, பொறவுதான் நோட்டு. பொட்டாசியம் கொறஞ்சா இதயத்துடிப்பு தவறும், பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியா சாப்பாடு குடுத்தா ரத்தத்துல பாஸ்பேட்ங்கிற உப்பு இறங்கி உயிருக்கே ஆபத்தாவும். இத எந்த நோட்டு காட்டும்?

சக்கப்பிரதமன்:
சோறு வேண்டாம்னு இங்க யாரு சொன்னா? எனக்கு புலிமியா இருந்துச்சு, அடக்க முடியாம தின்னுட்டு பொறவு வாந்தி எடுக்கிற நோய், ராத்திரி எல்லாரும் தூங்கினப்பொறவு அடுக்களையில நின்னுட்டே ஏத்தங்கா சிப்ஸ், மத்தியானத்து மரச்சீனிக் கிழங்கு மீன்குழம்போட, சட்டி காலியாவுற வரைக்கும், பொறவு பாத்ரூம். எனக்குக் குடுத்தது சிபிடி, நினைப்பையும் பழக்கத்தையும் மாத்துற பேச்சு ட்ரீட்மென்ட், ஆக்ஸ்ஃபோர்டுல ஃபேர்பர்ன்னு ஒரு டாக்டர் வகுத்த முறை. அதுல சாப்பிட்ட உடனே ஷீட்ல எழுதணும், எப்ப, எங்க, என்ன, அப்ப மனசுல என்ன ஓடிச்சு. கலோரி எழுதக்கூடாது. கொஞ்ச நாள் கழிச்சு திருப்பிப் பாத்தா "அம்மை மாமிகிட்ட போன்ல நான் தடிச்சிட்டேன்னு சொன்னா"ன்னு எழுதின இடத்துலயெல்லாம் அடுத்த வரியில சிப்ஸ் நிக்கி. அதுவரைக்கும் எனக்கே தெரியாது!!

களியக்காவிளை_கணக்கு:
அக்கா அது செல்ஃப் மானிட்டரிங், நம்மள நாமளே கவனிச்சுக் குறிக்கது, மனசக் கொட்டி எழுதுறது வேற, ரெண்டையும் ஒரே சாக்குல கட்டாதீங்க. 2006ல ஃப்ராட்டரோலின்னு ஒருத்தங்க இந்தக் கொட்டி எழுதுற ஆராய்ச்சி 146ஐ சேத்து வச்சுப் பாத்தாங்க, பலன் இருக்கு ஆனா ரொம்பச் சின்னது. எழுதி முடிச்ச உடனே மனசு இன்னும் கனத்துத்தான் போவும், ஹாஸ்டல் ரூம்ல தனியா கிடக்க பிள்ளைக்கு அது நல்லதா? அப்புறம் நம்ம வீடுகள்ல நோட்டுக்கு என்ன பாதுகாப்பு? என் கூட்டுக்காரிக்க டைரிய அவளுக்க அம்மை எடுத்து வீட்டுக்கு வந்தவங்க முன்னால சத்தமா வாசிச்சா. அவ பொறவு ஒரு வரி எழுதல.

மட்டிப்பழம்:
சின்னப் பலன்னாலும் பலன்தானே, நோட்டுக்கு என்ன பெரிய காசா ஆவுது. லண்டன்ல மாட்ஸ்லி ஆஸ்பத்திரிக்காரங்க அனோரெக்ஸியா உள்ளவங்கள அந்த நோய்க்கே ரெண்டு லெட்டர் எழுதச் சொல்லுவாங்க, ஒண்ணு அத கூட்டுக்காரியா நினைச்சு, இன்னொண்ணு விரோதியா நினைச்சு, 1999ல ஆராய்ச்சியாவும் வந்திருக்கு. மைனிக்க மகளும் எழுதினா. முதல் லெட்டர்ல "நீ இருக்கதுனால ஒரு காரியத்துலயாவது நான் ஜெயிச்சேன்". ரெண்டாவதுல "ஓண சத்யா விருந்துக்கு எல்லாரும் இலை போட்டு இருந்தாவ, நான் பருப்ப மட்டும் விரலால ஒதுக்கி ஒதுக்கி வச்சிட்டு இருந்தேன், நீதான் காரணம்". மைனி இத்தன நாள் பக்கத்துல இருந்து கேட்டும் இவ வாயில இருந்து இது வரலயே.

களியக்காவிளை_கணக்கு:
அந்தப் பிள்ளைகிட்ட கேட்டுட்டா இங்க போட்டிய?

மட்டிப்பழம்:
கேட்டுட்டுத்தான். அவளே டைப் பண்ணி அனுப்பினா.

நைட்_டூட்டி:
சரி எழுதட்டும், ஆனா எடை, பல்ஸ், பிளட் டெஸ்ட் ஒண்ணும் நிக்கக்கூடாது. எனக்க பயமே "அதான் எழுதுதால்லா, சரியாயிடுவா"ன்னு வீட்டுக்காரங்க செக்கப்ப நிறுத்துறதுதான், அப்படி நிறுத்திட்டு மயங்கின பிள்ளையத் தூக்கிட்டு வர்றத நான் பாத்திருக்கேன். மயக்கம், படபடப்பு வந்தா நேரா கேஷுவாலிட்டி. ராத்திரி மனசு தாங்கலேன்னா கவர்மென்ட்டுக்க மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416, தமிழ்லயும் பேசலாம்.

சக்கப்பிரதமன்:
இதுல நான் நர்ஸ் கூட. ஆனா நோட்ட கவுன்சிலர் மட்டும் பாத்தாப் போதும், மைனி கையில படவே கூடாது.

களியக்காவிளை_கணக்கு:
அதெப்படி? லீவுக்கு வந்தா பக்கத்துல இருந்து சாப்பிட வைக்கப் போறது மைனிதானே. அதே மாட்ஸ்லியில உருவான குடும்ப ட்ரீட்மென்ட்ல பிள்ளைக்க சாப்பாட்டுப் பொறுப்ப முதல்ல பெத்தவங்க கையிலதான் குடுக்காங்க. அம்மைய வெளிய நிறுத்திட்டு நோட்டக் கட்டிப் பிடிச்சிட்டு இருந்தா எப்படி?

மட்டிப்பழம்:
அது ஸ்கூல் பிள்ளைகளுக்குல்லா முக்கியமா, இவளுக்கு 19 ஆச்சு. சோறு மைனி போடட்டும், நோட்டு அவகிட்ட இருக்கட்டும். லெட்டர மைனிகிட்ட காட்டணுமான்னு அவளே தீர்மானிக்கட்டும், நானும் கேக்கல, கவுன்சிலரும் கேக்கல.