ஷாம்பு கட்டி போட்டா முடி பிசுபிசுக்குது, ஏன்?

கேள்வி:
பிளாஸ்டிக் பாட்டிலைக் குறைக்க ஷாம்பு கட்டிக்கு மாறியாச்சு. ஆனா முடி மெழுகு பூசின மாதிரி இருக்கு, கட்டியும் சீக்கிரமே கூழாகிடுது. பல் தேய்க்கிற மூங்கில் பிரஷ்ஷை அப்படியே உரக்குழியில போடலாமா?

பதில் 1:
அட்டையில இருக்கிற சேர்பொருள் பட்டியலைப் பாருங்க. 'சோடியம் கோகோயேட்', 'சோடியம் பாமேட்'னு இருந்தா அது சோப்புதான். உப்புத்தண்ணியில இருக்கிற கால்சியம், மெக்னீசியத்தோட சேர்ந்து கரையாத படிவமா முடியில ஒட்டிக்கும். எத்தனை தடவை வெறும் தண்ணி ஊத்தினாலும் போகாது. அடுத்த தடவை 'சோடியம் கோகோயில் ஐசெதியோனேட்' உள்ள கட்டியா வாங்குங்க. அது சோப்பு இல்ல, அதனால இந்தப் படிவம் வராது. இப்ப இருக்கிறதைத் தயவுசெஞ்சு தூக்கிப் போடாதீங்க. அலசின பிறகு அரை லிட்டர் தண்ணியில 1 மேசைக்கரண்டி வினிகர் கலந்து தலையில ஊத்தி, ஒரு நிமிஷம் விட்டு மறுபடி அலசுங்க. கண்ணுல படாம பாத்துக்கோங்க.

பதில் 2:
கூழாகிறதுக்குக் காரணம் அடியில தேங்கிற தண்ணி. மூடின டப்பா வேண்டாம். ஓட்டை உள்ள தட்டுல, தண்ணி தெறிக்காத இடத்துல வைங்க. கட்டியைப் பாதியா வெட்டி ஒரு துண்டை மட்டும் வெளிய எடுங்க.

கேட்டவர்:
வினிகர் ஒவ்வொரு குளியலுக்குமா?

பதில் 1:
சோப்புக் கட்டி தீர்ற வரைக்கும், தலைக்கு ஊத்துற அன்னைக்கு மட்டும்.

பதில் 3:
பிரஷ்ல கைப்பிடிதான் மட்கும். இழை பெரும்பாலும் நைலான். இடுக்கியால கொத்துக் கொத்தா பிடுங்குங்க. ஒவ்வொரு கொத்துக்கும் அடியில குட்டி உலோகத் தகடு இருக்கும், அதுவும் வெளிய வரணும். வரலேன்னா தலைப்பகுதியை ரம்பத்தால அறுத்துக் குப்பையில போட்டுட்டு, கைப்பிடியை மட்டும் துண்டாக்கி உரக்குழியில போடுங்க.