பாராஷாவுக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்குள் வேண்டும்

ம. எழுதியது, திங்கள் காலை:

அன்புடையீர், வணக்கம். ஒரு சொல்லுக்கு உதவி வேண்டும். யூதர்கள் தோராவை, அதாவது ஆதியாகமம் முதல் உபாகமம் வரையுள்ள ஐந்து நூல்களை, 54 துண்டுகளாக வகுத்து வைத்திருக்கிறார்கள். ஓய்வுநாளான சனிக்கிழமை காலையில் தொழுகைக் கூடத்தில் சுருளை விரித்து அந்த வாரத்துக்குரிய துண்டை வாசிப்பார்கள். அந்தத் துண்டுக்குப் பெயர் பாராஷா. ஒவ்வொரு துண்டிலும், இடையில் வரும் பண்டிகைகளிலும் உள்ளத்துக்கு என்ன கிடைக்கிறது என்று சொல்லும் நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். கலைச்சொல் பட்டியல் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும்.

‘அதிகாரம்’ ஆகாது. பைபிளில், அதாவது திருமறையில், அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு அளவு இருக்கிறது. முதல் பாராஷாவே ஐந்து அதிகாரங்களைத் தாண்டி ஆறாவதன் எட்டாம் வசனத்தில்தான் நிற்கிறது. வரைவில் ‘பகுதி’ என்று போட்டேன். ஆனால் யூத வீடுகளில் ‘இது நோவா வாரம்’, ‘அடுத்தது எத்திரோ வாரம்’ என்று வாரத்துக்கே அதை வைத்துத்தான் பெயர் சொல்கிறார்கள். அவ்வளவு ஒட்டிய ஒன்றைப் ‘பகுதி 1, பகுதி 2’ என்று எழுதக் கை வரவில்லை.

செ. எழுதியது, திங்கள் மதியம்:

அக்கா, பகுதியே போதும். கல்லூரியில் சமய ஒப்பீடு நடத்துகிறேன். ‘வாரப் பகுதி’ என்றால் மாணவர்கள் அப்போதே பிடித்துக்கொள்கிறார்கள். கத்தோலிக்க மாணவர்கள் ‘ஞாயிறு வாசகம் மாதிரியா சார்?’ என்று கேட்பார்கள், ஆமாம் என்பேன். புரிந்த பிறகுதானே உட்பொருளுக்குப் போக முடியும்?

இ. எழுதியது, திங்கள் இரவு:

தம்பி, பகுதி என்பது இலக்கணத்தில் பகுபத உறுப்பு. பகுதி, விகுதி, இடைநிலை என்று நாமே நடத்திவிட்டு, ஒரு மறையின் கூறுக்கும் அதையே வைத்தால் எப்படி?

சொல் நம்மிடம் இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல்:

நேரின மணியை நிரல்பட வைத்தாங்கு
ஓரினப் பொருளை ஒருவழி வைப்பது
ஓத்தென மொழிப உயர்மொழிப் புலவர்

ஒத்த மணிகளைக் கோத்தாற்போல் ஒரு நூலின் பொருளை ஓரிடத்தில் வைப்பது ஓத்து. நூலின் கூறு என்பது ஒரு பொருள். ‘மறப்பினும் ஓத்துக் கொளலாகும்’ என்னும் குறளில் ஓத்து மறையையே குறிக்கிறது. ஓதப்படுவது என்னும் பொருளும் உள்ளே நிற்கிறது. கூறு, மறை, ஓதல் மூன்றும் இரண்டெழுத்து வேரிலிருந்து வந்த ஒரே சொல்லில். பாராஷாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? வார ஓத்து என்று எழுதுங்கள்.

செ. எழுதியது, செவ்வாய் காலை:

ஐயா, மேற்கோள் அருமை. மறுக்கவே இல்லை. ஆனால் இந்தச் சொல்லை முப்பது இளைஞர்கள் முன்னால் என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. காரணத்தை எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். புனிதமான ஒன்றைச் சொல்லும்போது வகுப்பு சிரித்துவிட்டால் அன்றைய பாடம் போச்சு.

இ. எழுதியது, செவ்வாய் காலை:

தெருவில் ஒருவன் கெடுத்த சொல்லையெல்லாம் அவனுக்கே விட்டுக்கொடுத்துக்கொண்டு போனால் கடைசியில் நம்மிடம் என்ன மிஞ்சும்? ஓதுவார் என்று கோயிலில் சொல்கிறோமே.

த. எழுதியது, செவ்வாய் மாலை:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் கோயில்களில் கந்தபுராண படனம் உண்டு. ஒருவர் பாட்டைப் படிப்பார், அருகில் இருப்பவர் பயன் சொல்லுவார். பாட்டு, பயன், பாட்டு, பயன் என்று போகும். யூதரிடமும் இதே முறை இருந்தது. பழைய தொழுகைக் கூடத்தில் எபிரேய வசனம் ஒன்று வாசித்ததும், பக்கத்தில் நிற்பவர் அதை மக்கள் பேசிய அரமேய மொழியில் சொல்லுவார். யெமன் நாட்டு யூதர் இதை இன்றும் விடவில்லை. தனியாகப் படிப்பவருக்கும் யூதரின் பழைய சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத் ஒரு கடமை சொல்லுகிறது: அந்தந்த வாரத் துண்டை மூலத்தில் இரண்டு முறை, மொழிபெயர்ப்பில் ஒரு முறை.

ஆகவே துண்டுக்குப் ‘படனம்’, அதிலிருந்து எடுக்கும் பாடத்துக்குப் ‘பயன்’ என்று வைக்கலாம். லெக் லெக்கா பாராஷாவைப் பாருங்கள். ஆபிரகாமுக்குக் கடவுள் சொன்ன முதல் சொல் அது. ‘லெக்’ என்றால் போ, ‘லெக்கா’ என்றால் உனக்கு. நம் நான்காம் வேற்றுமை! தமிழ்த் திருமறையில் ‘புறப்பட்டு’ என்பதோடு நின்றுவிட்டது, அந்த ‘உனக்கு’ விழுந்துபோயிற்று. 11ஆம் நூற்றாண்டு உரைகாரர் ராஷி அந்த ஒரு வேற்றுமையைப் பிடித்துக்கொண்டு, ‘உன் பயனுக்காக, உன் நன்மைக்காகப் போ’ என்கிறார். பின்னால் வந்த ஹசிதியம் என்னும் யூத பக்தி இயக்கத்தின் ஆசான்கள் ‘உன்னிடமே போ’ என்று எடுத்தார்கள். வீட்டையும் நாட்டையும் விட்டுப் போகிறவன் தன்னை நோக்கித்தான் போகிறான். இதுதான் பயன் சொல்லுதல்.

ம. எழுதியது, செவ்வாய் இரவு:

ஐயா, அந்த ‘உனக்கு’ இத்தனை நாளாக என் கண்ணில் படவில்லை. இயலைத் திருத்திவிட்டேன், நன்றி. ஆனால் படனம் வடசொல் என்று இ. ஐயா எழுதுவாரே!

இன்னொன்று. பாராஷாவின் வேரைத் தேடினேன். பே, ரேஷ், ஷீன் என்னும் மூன்றெழுத்து. பொருள் ‘பிரித்தல்’. அதே வேரிலிருந்து ‘விளக்கவுரை’ என்னும் பொருளில் பெருஷ் வருகிறது. இயேசு காலத்து யூதப் பிரிவினராக நமக்குத் தெரிந்த பரிசேயரும், ‘பிரிந்தவர்’ என்ற பொருளில், அந்த வேர்தான் என்கிறார்கள். பிரிப்பதும் விளக்குவதும் ஒரே வேரில் இருக்கின்றன. தமிழில் இப்படி ஒரு வேர் உண்டா?

வி. எழுதியது, புதன் அதிகாலை:

அம்மா, உண்டு. விள்.

விள்ளுதல் என்றால் பிளத்தல், மொட்டு இதழ் விரித்தல். விள்ளுதல் என்றால் வாய்திறந்து சொல்லுதலும்தான். ‘கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர்’ என்று பாட்டி சொல்வாரே, அந்த விண்டவர் இந்த வேர். பிரிப்பது, திறப்பது, சொல்வது எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அதன் பெயர்ச்சொல் விள்ளல், எல்லார் வாயிலும் புழங்கும் சொல். என் பரிந்துரை: வார விள்ளல்.

செ. எழுதியது, புதன் காலை:

ஐயா, விள்ளல் என்றால் எங்கள் வீட்டில் இட்லி. ‘ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு போ’ என்பார் அம்மா. தோராவை எப்படி அப்படிச் சொல்வது?

வி. எழுதியது, புதன் காலை:

அதனால்தான் சொல்கிறேன். பெஷலாக் பாராஷாவில், பாலைவனத்தில் வானிலிருந்து மன்னா என்னும் உணவு இறங்குகிறது. அவரவர் ஒரு நாளுக்கு ஓர் ஓமர் அளவு பொறுக்கிக்கொள்ள வேண்டும். நாளைக்கென்று எடுத்து வைத்தால் புழுப்பிடித்துவிடும். ஆறாம் நாள் மட்டும் இரண்டு பங்கு, ஏழாம் நாள் ஓய்வு. அந்த இரண்டு பங்கின் நினைவாகத்தான் இன்றும் ஓய்வுநாள் மேசையில் இரண்டு முழு ரொட்டி வைக்கிறார்கள். துணி மூடிய இரண்டையும் தூக்கி ஆசி சொல்லி, ஒன்றைப் பிய்த்து, உப்புத் தொட்டு, ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். அந்த மேசையில்தான் பிள்ளைகளிடம் ‘இந்த வாரப் பாராஷாவில் என்ன வந்தது?’ என்று அப்பா கேட்பார். ஒரு வாரத்துக்கு ஒரு வாய். மொத்தமாக விழுங்க முடியாது, சேர்த்து வைக்கவும் முடியாது. விள்ளல் தோராவின் மதிப்பைக் குறைக்கவில்லை, தம்பி.

அப்புறம், யூத நாட்காட்டியில் பதின்மூன்றாம் மாதம் கூடாத ஆண்டுகளில் வாரம் போதாமல் சில பாராஷாக்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வாசிப்பார்கள். அது ‘இரட்டை விள்ளல்’. ஒட்டிவருகிறதா இல்லையா?

க. எழுதியது, புதன் மதியம்:

பிரி, பாராஷ். ஒலியைக் கவனித்தீர்களா? சாலொமோனுக்குக் கப்பலில் வந்த மயிலுக்கு எபிரேயத்தில் துக்கி. அது நம் தோகை என்று கால்டுவெல்லே எழுதியிருக்கிறார். பிரியும் அப்படி அங்கே போயிருக்கலாம்.

த. எழுதியது, புதன் மதியம்:

தம்பி, தோகை சரக்கோடு போன சொல். மயில் ஏறினால் பெயரும் ஏறும். பிரித்தல் போன்ற அடிப்படை வினை கப்பலில் ஏறாது. அதுவும் அரமேயத்திலும் இருக்கும் வேர். இந்த இழையில் இது வேண்டாம்.

இ. எழுதியது, புதன் இரவு:

விள்ளல் அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது நூலின் கூறுக்கு எங்கும் ஆளப்படவில்லை. ஓத்து ஆளப்பட்டிருக்கிறது. சரி, எபிரேயச் சொல்லையே வைப்பதென்றால் ஏன் ‘பாராஷா’? ‘வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடவெழுத்தை நீக்கி எழுதுவது, நம் மரபு. மோஷேயை மோசே என்று எழுதியவர்கள் நம் முன்னோர்தானே? அதே வழியில் பராசா என்று எழுதலாம்.

ம. எழுதியது, வியாழன் காலை:

பராசா என்று நேற்று ஒரு பக்கம் தட்டச்சு செய்து பார்த்தேன், ஐயா. மோசேக்குப் பக்கத்தில் உறுத்தாமல் உட்காருகிறது. ஆனால் பதிப்பாசிரியர் ‘ஷ’ வேண்டும் என்கிறார், இணையத்தில் தேடுபவருக்காக.

எனக்கு வேறொரு சிக்கல். செ. சொல்லும் ‘வாரப் பகுதி’ 53 இயலுக்குப் பொருந்துகிறது. 54ஆவது, மோசேயின் கடைசி ஆசியும் சாவும் வரும் துண்டு, எந்த வாரத்துக்கும் உரியதில்லை. சிம்ஹாத் தோரா பண்டிகையன்று வாசிப்பார்கள். சுருள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏழு சுற்று ஆடிவிட்டு, கடைசித் துண்டை முடித்த கையோடு இன்னொரு சுருளில் ‘ஆதியிலே’ என்று தொடங்கிவிடுவார்கள். மோசே இறந்த துக்கம் ஆற உலகம் பிறக்கிறது. முடிந்த நூலின் கடைசி எழுத்து லாமெத், தொடங்கும் நூலின் முதல் எழுத்து பேத். இரண்டையும் சேர்த்தால் லேவ், நெஞ்சம். இந்த இடத்தை மொழிபெயர்த்தபோது எழுந்து போய்க் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். இதன் தலையில் ‘வாரப் பகுதி 54’ என்று எப்படி எழுதுவது?

செ. எழுதியது, வியாழன் மதியம்:

அக்கா, அதற்கு மட்டும் ‘நிறைவுப் பகுதி’ என்று போடலாமே. துண்டுக்குத் தனிப்பெயர் வேறு இருக்கிறதல்லவா? பாராஷாக்களுக்கு முதல் வரியின் சொல்லே பெயர், நம் ஆத்திசூடி, கொன்றை வேந்தன் போல. ‘சாராவின் வாழ்வு’ என்று பெயர் வைத்துவிட்டு 127 வயதில் அவள் இறந்ததில் தொடங்குகிறதே, அதை நான் எடுத்தபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. மாணவர் நினைவில் அந்தப் பெயர்தான் நிற்கிறது.

வி. எழுதியது, வியாழன் இரவு:

பாடத்துக்கு என்ன சொல் என்று யாரும் முடிக்கவில்லை. எபிரேயத்தில் தெராஷ், ‘தேடல்’. லேவியராகமத்தில் மோசே பலிக்கடாவைத் தேடும் இடத்தில் ‘தாரோஷ் தாரஷ்’ என்று வினை இரட்டிக்கிறது. தோராவின் சொற்களையெல்லாம் எண்ணினால் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் சரிபாதி விழும் என்று தல்மூத் சொல்கிறது. நூலின் நட்டநடுவில் ‘தேடித் தேடினான்’! ‘பயன்’ கிடைத்ததைச் சொல்கிறது, தேடியதைச் சொல்லவில்லை. நாடிச் சொல்லும் உரை என்ற பொருளில் நாடுரை என்று வைக்கலாமா?

த. எழுதியது, வெள்ளி காலை:

நாடுரை நல்ல சொல்தான். என்றாலும் பயனை நான் விடமாட்டேன்.

ம. எழுதியது, வெள்ளி மதியம்:

பட்டியலை அனுப்பிவிட்டேன். இயல் தலைப்பில் பாராஷா, முதல் முறை வரும்போது வாரப் பகுதி என்று விளக்கம். ஆறு பேர் இதற்கு இசைந்தீர்கள், மூவர் இசையவில்லை. கடைசி இயலுக்கு நிறைவுப் பகுதி. பாடத்துக்குப் பயன். வி. ஐயாவின் விள்ளலை மன்னா வரும் இயலில் அப்படியே ஆண்டிருக்கிறேன், பதிப்பாசிரியர் அடிக்கவில்லை.

இ. எழுதியது, வெள்ளி மாலை:

என் இசைவின்மை பதிவில் இருக்கட்டும். ஓத்துதான் சொல்.

க. எழுதியது, வெள்ளி இரவு:

அம்மா, சுக்கோத்தை ‘கூடாரப் பண்டிகை’ என்றா போட்டிருக்கிறீர்கள்? கூடாரம் என்றால் துணி. அந்தப் பண்டிகைக்குப் போடும் குடிலான சுக்காவின் கூரையைத் தழையாலும் ஓலையாலும்தான் வேய வேண்டும், இரவில் அந்த இடுக்கு வழியாக நட்சத்திரம் தெரிய வேண்டும். வீட்டை விட்டு ஏழு நாள் அதில் உட்கார்ந்து உண்பதே ‘நம்மைக் காப்பது சுவர் இல்லை’ என்று உணரத்தான். நம் ஊரில் அதற்குப் பந்தல் என்றல்லவா பெயர்? பந்தல் பண்டிகை என்று ஏன் சொல்லக்கூடாது?