மலைக் குளிரில் பயோடீசல் கலவை தாங்குமா? அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. குன்னூர் பக்கம் ஒரு சிறிய தேயிலைத் தொழிற்சாலையில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிறேன். ஓட்டல்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயில் செய்த பயோடீசலை 20 சதவீத அளவுக்கு டீசலோடு கலந்து ஓட்ட முதலாளி சம்மதித்துவிட்டார். எனக்கும் ரொம்ப ஆசை. அந்த எண்ணெய் மறுபடி வாணலிக்குப் போவதைவிட எஞ்சினில் எரிவது எவ்வளவோ மேல்.

கவலை குளிர்தான். ஓட்டல்களில் பெரும்பாலும் பாமாயில். அதில் சீக்கிரம் உறையும் கொழுப்பு அமிலமான பால்மிடிக் அமிலம் அதிகம் என்பதால், அந்த பயோடீசல் கலக்காமல் இருந்தால் 15 டிகிரி பக்கத்திலேயே மங்கி மெழுகு கட்டத் தொடங்கும். இங்கே ஜனவரி ராத்திரிகளில் 10 டிகிரிக்கும் கீழே போகும். டீசல் சேர்ந்தால் அந்த வெப்பநிலை இறங்கும், சரி, ஆனால் 20 சதவீதக் கலவை தாங்குமா? குளிர் முடியும்வரை 5 சதவீதத்தோடு நிறுத்தலாமா? குளிரில் அவ்வளவு சீக்கிரம் உறையாத ஒலியிக் அமிலம் அதிகமுள்ள புங்கன் எண்ணெயில் செய்தது என்றால் சமாளிக்குமா?

அப்புறம், பயோடீசல் டேங்கின் பழைய கசடைக் கரைத்து ஃபில்டரை அடைக்குமே, ஆரம்பத்தில் எவ்வளவு சீக்கிரம் ஃபில்டர் மாற்றினீர்கள்? ரப்பர் ஹோஸ்களையும் மாற்ற வேண்டுமா? பயோடீசலுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 15607-க்குச் சோதித்துத் தரும் ஆய்வகம் கோவையில் இருந்தால் சொல்லுங்கள்.