போலீஸ் ஹீரோ கதை: அந்த ராத்திரிக் கைது உறுத்தலியா?

தக்கலை வாசகி: வடசேரியில் பஸ் ஏறினதும் அந்தப் போலீஸ் ஹீரோ காதல் தொடர்கதையைப் போனில் திறந்தேன். மழை, ஜீப், நனைஞ்ச காக்கிச் சட்டை, பட்டனை ஒவ்வொண்ணா கதாநாயகி கழட்டுறா. பக்கத்து சீட்டு அக்கா எட்டிப் பார்த்ததும் பிரைட்னஸைக் குறைச்சேன். வில்லுக்குறி தாண்டினதே தெரியல. ஆனா அதுக்கு முந்தின அத்தியாயத்தில், ராத்திரி 11 மணிக்கு இன்ஸ்பெக்டர் தனியா வந்து அவளைக் கைது பண்றானே, சரியா?

மார்த்தாண்டம் அக்கா: எனக்க வீட்டுக்காரர் போலீஸ்தான். சூரியன் மறைஞ்சா பெண்ணைக் கைது பண்ணக்கூடாது பிள்ளே. தவிர்க்க முடியாத கேஸுன்னா பெண் போலீஸ் வேணும், மாஜிஸ்திரேட் அனுமதியும் வேணும். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலயும் அப்படித்தான். பின்ன, அவன்மேல சந்தன வாசனையாம்! பந்தோபஸ்து முடிஞ்சு வாற ஆளுகிட்ட வேர்வையும் பூட்ஸ் பாலிஷும்தான் மணக்கும். ஒரு பூட்ஸைக் கழட்டுமுன்ன குறட்டை.

குளச்சல்காரி: 😂 சட்டம் பார்த்தா எப்படிக்கா ரசிக்க? முத்தத்துக்கு முன்ன தொப்பியைக் கழட்டி வச்சிட்டு, "வேண்டாம்னா சொல்லு"ன்னு கேக்கான் பாருங்க, அங்க விழுந்துட்டேன்.

தக்கலை வாசகி: அந்த இடத்தை நானும் 3 தடவை வாசிச்சேன். அவளைக் கைது பண்ணும்போதும் அப்படிக் கேட்டிருக்கலாம், சவம்.