பானெட்டுக்கு அடியில் இருக்கும் மெத்தைக்கு என்ன பெயர்?

கார் பாகங்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நான் கேட்ட ‘அண்டர்ஹூட் லைனர்’ என்பதற்கு மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: பொறிமூடி வெப்பக்காப்பு அகவுறை, உள்ளுறை, வெக்கைத்தட்டி. மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிக்கு முன்னால்தான் நின்றேன். கழற்றி வைத்திருந்த மெத்தையைத் துடைத்துத் திரும்ப மாட்டும்வரை ஒவ்வொரு சொல்லையும் வாயில் போட்டுப் பார்த்தேன். அதனால் இந்த மடல் கொஞ்சம் நீளம்.

முதலில் பொருள் எது என்பதைச் சொல்லிவிடுகிறேன், வண்டி வைத்திராதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். பானெட்டை, அதாவது என்ஜினை மூடியிருக்கும் முன்பக்க மூடியைத் தூக்கினால் தகரத்தின் உட்பக்கம் கறுப்புத் துணி போர்த்திய ஒரு பஞ்சுப் பலகை தெரியும், அதுதான். சில வண்டிகளில் உள்ளே பிசின் ஏற்றி அழுத்திய கழிவுப் பஞ்சு, சிலவற்றில் கண்ணாடி இழை, பழைய மெர்சிடிஸ் டபிள்யூ 124 மாதிரியான வண்டிகளில் தகரத்தோடு பசை போட்டு ஒட்டிய நுரை. என்னுடையது 2004 மாடல் டீசல் வண்டி, பஞ்சு வகை. முன்கண்ணாடி கழுவும் வாஷர் டேங்கில் தண்ணீர் ஊற்றத் திறந்தபோது நடுப்பகுதி ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது, ஒரு மூலையில் எலி குடைந்து பஞ்சை எடுத்துப் போயிருந்தது. பட்டறையில் கேட்டால் “பானெட் மேட்டா? பிச்சுப் போட்டுட்டு ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆகாது” என்றார்கள். ஒரு மாதம் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓட்டினேன். காலையில் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது வரும் அந்த டடடட சத்தம் தெருமுனை வரை கேட்டது, உள்ளே உட்கார்ந்து பேசுவதே சிரமமாக இருந்தது. பானெட்டின் பெயின்ட்டைச் சூட்டிலிருந்து காப்பாற்றுவதும் இந்த மெத்தைதான்.

ஆகவே ‘வெப்பக்காப்பு’ என்று மட்டும் பெயர் வைத்தால் பாதி வேலையை மறைத்துவிடுகிறோம். அந்தப் பெயரைப் படித்துவிட்டு ஒருவர் கடையில் அலுமினியத் தாளை வாங்கி ஒட்டினால் சூடு குறையும், சத்தம் அப்படியே இருக்கும். சத்தத்தை வாங்கிக்கொள்ள நுரையோ பஞ்சோ வேண்டும். ‘உள்ளுறை’ ஏற்கெனவே இலக்கணத்தில் உள்ளுறை உவமம் என்று உட்கார்ந்திருக்கிறது, பொருளடக்கத்துக்கும் அதை எழுதுகிறவர்கள் உண்டு. அதோடு உறை என்றால் தலையணை உறை, வாளுறை என்று ஒன்றை முழுக்கச் சுற்றி மூடுவதுதான் நினைவுக்கு வருகிறது, இது அப்படி மூடுவதில்லை. ‘வெக்கைத்தட்டி’ எனக்கு மிகவும் பிடித்த சொல். வெட்டிவேர்த் தட்டி கட்டிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். ஆனால் என்ஜினின் சூடான புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் விறைப்பாக ஒரு தகரத் தகடு பொருத்தியிருப்பார்களே, ஹீட் ஷீல்டு, அதற்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. அதற்கே கொடுத்துவிடுவோம்.

நான் முன்வைப்பது: என்ஜின் மேற்கட்டி.

மேற்கட்டி புதுச்சொல் இல்லை. விதானம் என்ற பொருளில் அகராதிகளில் இருக்கிறது. கல்யாண வீட்டில், பூசையிடத்தில், தலைக்கு மேல் நான்கு மூலையும் இழுத்துக் கட்டும் துணி. மேலிருந்து தூசி விழாமல் தடுக்கும், நடுவில் தொய்ந்தால் யாராவது முக்காலி போட்டு ஏறி இழுத்துக் கட்டுவார்கள். நம் பொருளும் அதேதான்: மேலே இருப்பது, விளிம்புகளில் பிடிக்கப்பட்டிருப்பது, வயதானால் நடுவில் இறங்குவது. பயணிகள் தலைக்கு மேல் கூரையில் ஒட்டிய துணிக்கு ‘கூரை மேற்கட்டி’ என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே குடும்பமாகிவிடும், பழைய வண்டிகளில் இரண்டுக்கும் நோயும் ஒன்றே. ‘பொறி’ போடாததற்குக் காரணம், தீப்பொறியும் எலிப்பொறியும் அங்கேயே நினைவுக்கு வந்து தொலைக்கின்றன. என்ஜின் என்பது பட்டறையில் எல்லோரும் சொல்லும் சொல், அது இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். ‘சேகிங்’ (sagging, கீழே இறங்கிவிடுவது) என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலக் குறிப்புகள் மூன்று வேறு கோளாறுகளைச் சொல்கின்றன. நம்மிடம் மூன்றுக்கும் தனித்தனி வினை இருக்கிறது. விளிம்பு பிடித்திருக்க நடு மட்டும் இறங்கினால் தொய்வு: பிசின் சூட்டில் செத்துப் பலகை விறைப்பை இழந்துவிட்டது, அல்லது மேல்துணி பஞ்சிலிருந்து ஏடு பிரிந்துவிட்டது. ஒரு விளிம்பே கழன்று விழுந்தால் தொங்கல்: நைலான் கிளிப் வருடக்கணக்கில் வெந்து முறுகி உடைந்திருக்கும், கிளிப் மாற்றினால் போதும், ஓட்டை பெரிதாகியிருந்தால் அகலமான வாஷர் ஒன்று சேர்க்க வேண்டும். தொட்டாலே கையோடு வந்தால் உதிர்வு: ஒட்டுவதில் பயனில்லை, முழுக்கச் சுரண்டிவிட்டுப் புதிது போட வேண்டும், உதிரும் துகள் காற்று வடிகட்டிக்குள் போய்ச் சேரும். கயிற்றுக் கட்டிலைப் பார்த்து ‘தொங்கிவிட்டது’ என்று யாரும் சொல்வதில்லை, ‘தொய்ந்துவிட்டது’ என்றுதான் சொல்வோம். அந்தத் துல்லியம் கலைச்சொல்லில் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

எண்ணெய் ஊறிய மேற்கட்டியை எந்த நிலையிலும் திரும்ப மாட்டாதீர்கள். அது தொய்ந்து மேனிஃபோல்டில் பட்டால் தீ பிடிக்கலாம்.

உங்கள் கருத்துக்குக் காத்திருக்கிறேன்.

மறுமொழி:

தம்பி, முப்பது வருடம் பட்டறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தொய்வு, தொங்கல், உதிர்வு மூன்றும் நன்றாக இருக்கிறது, அப்படியே வைத்துக்கொள்ளலாம். மேற்கட்டிதான் இடிக்கிறது. வேலை செய்கிறவன் பானெட்டைத் தூக்கி நிறுத்தியபிறகுதான் அதைப் பார்க்கிறான். அப்போது அது மேலே இல்லை, முகத்துக்கு நேரே சாய்ந்து நிற்கிறது. எங்கள் வாயில் வருவது மேட், இல்லையென்றால் பஞ்சு. ‘மூடிமெத்தை’ என்றால் பையன்களுக்கு உடனே பிடிபடும்.

வேலையைப் பற்றியும் இரண்டு சொல்ல வேண்டும். சாதாரண ரப்பர் கம் போட்டு ஒட்டாதே, வெயிலில் நின்ற வண்டியை ஒரு மணி நேரம் ஓட்டினால் இளகித் திரும்ப இறங்கிவிடும். அதிகச் சூடு தாங்கும் பசை என்று டப்பாவில் எழுதியிருப்பதைக் கேட்டு வாங்கு, தகரத்தில் பழைய பசையும் எண்ணெய்ப் பிசுக்கும் துளி இல்லாமல் துடைத்தபிறகு ஒட்டு. வெள்ளித்தாள் முகம் உள்ள மெத்தை போடுவதாக இருந்தால் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மேலே வரும் இடத்தை வெட்டி எடுத்துவிடு, தாள் கிழிந்து தொங்கினால் ஷார்ட் ஆகும். கண்ணாடி இழை என்றால் முகமூடியும் கையுறையும் கட்டாயம். புதிது எவ்வளவு தடிமன் போடலாம் என்று தெரிய, பிசைந்த மைதா மாவை உருண்டையாக என்ஜினின் உயரமான இடத்தில் பிளாஸ்டிக் தாள் சுற்றி வைத்து பானெட்டை மெதுவாக மூடித் திற. நசுங்கின உயரம்தான் உனக்கு இருக்கும் இடைவெளி.

மறுமொழி:

ஐயா, மாவு உருண்டையை இன்று காலை செய்து பார்த்தேன். 22 மில்லிமீட்டர் வந்தது. 20 மில்லிமீட்டர் நுரை வாங்குவதாக இருந்தேன், இப்போது 10 போதும் என்று முடிவு செய்துவிட்டேன். என்ஜின் குலுங்கும்போது இடம் வேண்டுமே.

மூடிமெத்தையை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன், சொல்ல நன்றாக இருக்கிறது. ஆனால் மெத்தை என்றால் கீழே கிடப்பது, மேலே நாம் படுப்பது. ‘மூடிமெத்தை தொய்ந்துவிட்டது’ என்று எழுதினால் எந்தப் பக்கம் இறங்கியது என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறது. மேற்கட்டி தொய்ந்தது என்றால் கீழ்நோக்கித்தான். திறந்து நிறுத்தும்போது அது மேலே இல்லை என்பது உண்மை, ஆனால் வண்டி ஓடும்போது பானெட் மூடித்தான் இருக்கிறது. அது வேலை செய்வதும் கெட்டுப்போவதும் அந்த நிலையில்தான். கதவு திறந்து கிடந்தாலும் தாழ்ப்பாளைத் தாழ்ப்பாள் என்றுதானே சொல்கிறோம்.

இருந்தாலும் பட்டறையில் புழங்காத சொல்லைக் குறிப்பில் எழுதி என்ன செய்வது? அதனால் இரண்டையும் சேர்த்து எழுதிப் பார்த்தேன்:

“என்ஜின் மேற்கட்டி (பட்டறை வழக்கு: பானெட் மேட், மூடிமெத்தை). சத்தத்தையும் சூட்டையும் குறைக்க பானெட்டின் அடியில் பொருத்தப்படும் பஞ்சு அல்லது நுரைப் பலகை. எ.கா.: என்ஜின் மேற்கட்டி தொய்ந்து பெல்ட்டில் உரசுகிறது.”

இதில் உங்களுக்கு ஒப்புதல் என்றால் ஹீட் ஷீல்டுக்கு வெக்கைத்தட்டி, ஹெட்லைனருக்குக் கூரை மேற்கட்டி இரண்டையும் இதோடு பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ‘ஏடு பிரிதல்’ என்பதைத் தனிப் பதிவாகப் போடலாமா என்று மரவேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், பிளைவுட்டுக்கும் அதே சொல் ஓடும் என்று நினைக்கிறேன். கிளிப்புக்கு ஒருவர் ‘கவ்வி’ கேட்டிருந்தார். இது கவ்வுவதில்லை, ஓட்டைக்குள் குத்தி நிற்கிறது. வேறு சொல் அமையும்வரை கிளிப் கிளிப்பாகவே இருக்கட்டும்.